ஆங்கிலச் சேர்க்கை வினைகளும் புதுவைத் தமிழ் வழக்கும்

புதுவை நகர்க்குத் தெற்கே, கடலை ஒட்டி அமைந்த மீனவர் ஊர் வீராம்பட்டினம். அதன் அருகே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ளது அரிக்கமேடு. 1945 ஆம் ஆண்டில் மார்ட்டிமர் வீலரும், 1947 முதல் 1950 வரை கசாலும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் ஆங்கு அகழ்ந்து ஆராய்ந்தனர். தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த பானையோடுகளும், இலத்தீன் முத்திரையிட்ட இத்தாலிய மட்கலச் சில்லுகளும் அம்மண்ணில் கிடைத்தன. அயல்மொழி பேசுவோருடன் தமிழர் உறவாடிய பழமை இவ்வூர்க்கு உண்டு என்பது இவற்றால் விளங்கும். அவ்வுறவில் ஒருமொழிச் சொல் பிறமொழிக்குச் சென்ற வரலாற்றைப் பலர் எழுதியுள்ளனர். 'கட்டுமரம்' என்னும் சொல் ஆங்கிலத்தில் வழங்குவதை அறியாதார் இலர். சொற்களை விடுத்து, வினைச்சொற்கள் பிற சொற்களோடு கூடிப் பொருள் தரும் முறையை ஒப்பிட்டு நோக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆங்கிலத்தில் 'கிவ்', 'புட்', 'லுக்' முதலிய எளிய வினைகளை அடுத்து 'அப்', 'ஆஃப்', 'இன்', 'ஆஃப்டர்' முதலிய சிறுசொற்கள் வருகின்றன. அவற்றுள் சில பெயர்க்கு முன் நிற்கும் இடைச்சொற்கள், சில வினையடைகள். இரண்டும் கூடியவிடத்து, தனித்தனிச் சொற்பொருளினின்று உய்த்துணர இயலாத புதுப்பொருள் பிறத்தல் உண்டு. 'கிவ்' என்பது கொடுத்தல். 'அப்' என்பது மேலே. ஆயினும் 'கிவ் அப்' என்பதன் பொருள் கைவிடுதல் ஆகும்.

இவ்வழக்கின் வரலாறு நீண்டது. பழைய ஆங்கிலத்தில் இத்தகைய சிறுசொற்கள் பெரும்பாலும் வினைக்கு முன்னொட்டாக நின்றன. காலப்போக்கில் முன்னொட்டுகள் வலிகுன்ற, வினைக்குப் பின் வரும் வழக்கே ஓங்கிற்று. 1154 ஆம் ஆண்டோடு முடியும் பீட்டர்பரோ நாளாகமத்தின் இறுதிப் பகுதியிலேயே பின்வரு சேர்க்கைகளைக் காணலாம். 1755 இல் அகராதி வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், அயல்நாட்டார்க்கு மிகுந்த இடர் தருவது இவ்வகைச் சேர்க்கையே என்று தம் முன்னுரையில் உணர்த்தி, அவற்றைத் தொகுப்பதில் தனிக்கருத்துச் செலுத்தினார். அவற்றிற்கு இன்று வழங்கும் 'ஃப்ரேசல் வெர்ப்' என்னும் பெயரை 1925 இல் தம் நூலில் வழங்கியவர் லோகன் பியர்சல் ஸ்மித். அப்பெயரைத் தமக்கு உரைத்தவர் ஹென்றி பிராட்லி என்று அவரே குறித்துள்ளார். பின்னர், உண்மையில் பேசியும் எழுதியும் வந்த ஆங்கிலத்தைக் கணிப்பொறியில் பெருந்தொகையாகத் திரட்டி, அதனின்று இச்சேர்க்கைகளை எடுத்து விளக்கும் முறை தோன்றிற்று. 1989 இல் வெளிவந்த கோபில்ட் அகராதி அம்முறையில் அமைந்தது. ஆக, வழக்கில் பல நூற்றாண்டுகள் வாழ்ந்த ஒன்றற்கு இலக்கணப் பெயர் மிகப் பிற்காலத்திலேயே அமைந்தது என்க.

இனி, இச்சேர்க்கைகளுக்கு நேரானவை தமிழில் யாவை என்னும் வினா எழுகின்றது. 'முன்னிடைச்சொல்லுக்கு நேர் வேற்றுமையுருபு' என்று நம் பள்ளிகளில் கற்பிக்கும் வழக்கம் நெடுநாளையது. அது பெயரைச் சாரும் இடத்துப் பொருந்தும். வினையைச் சாரும் இடத்துப் பிழைபடும். 'லுக் ஆஃப்டர்' என்பதைப் 'பின்னால் பார்த்தல்' என்று மாணவன் மயங்குவது இதனாலேயே. அதற்கு நேரான தமிழ் 'பார்த்துக்கொள்' என்பது. ஆண்டு உருபு ஒன்றும் இல்லை, 'கொள்' என்னும் மற்றொரு வினையே உளது.

இதனை மூவகையாகப் பகுத்துக் காண்பாம்.

முதலாவது, திசைப்பொருள் வினையடியிலேயே அடங்குதல். ஏறு, இறங்கு, நுழை, புறப்படு, கட, திரும்பு என்னும் வினைகளைக் காண்க. ஆங்கிலப் பேச்சுவழக்கு 'கோ' என்னும் ஒரே வினையோடு 'அப்', 'டவுன்', 'இன்', 'அவுட்' என்னும் சொற்களைச் சேர்த்து உரைப்பதைத் தமிழ் தனித்தனி வினைகளால் உரைக்கும். பிரெஞ்சும் அவ்வாறே 'மோந்தே', 'தெசாந்த்ர்', 'ஆந்த்ரே', 'சொர்த்தீர்' எனத் தனிவினைகள் உடையது. ஒருவன் அரியாங்குப்பம் ஆற்றை நீந்திக் கடந்தான் எனக் கொள்வோம். தமிழும் பிரெஞ்சும் கடத்தலை முற்றுவினையாக வைத்து நீந்தலை அதற்கு அடையாக்கும். ஆங்கிலமோ நீந்தலை முற்றுவினையாக்கிக் கடத்தலை 'அக்ராஸ்' என்னும் சிறுசொல்லால் உணர்த்தும். மொழிகளை இவ்வகையில் இரு பிரிவாக்கிய லெனர்ட் டால்மி, தமிழையும் பிரெஞ்சு உள்ளிட்ட ரோமானிய மொழிகளையும் ஒரே பிரிவில் வைத்தார். 1954 நவம்பர் 1 அன்று புதுவையின் ஆட்சி இந்தியாவிடம் வரும்வரை, இவ்வூர்ப் பள்ளிகளில் தமிழோடு பிரெஞ்சு கற்றவர்க்கு இவ்வொரு கூற்றில் இரு மொழியும் ஒத்தே நடந்தன. பின்னர் ஆங்கிலம் பரவியபோதுதான் வினையின் அமைப்பே மாறிய மொழியொன்றை அவர்தம் மக்கள் எதிர்கொண்டனர்.

திசை வினையில் அடங்கும் இயல்பைத் தமிழிலக்கணம் மிகத் தொன்மையிலேயே அறிந்திருந்தது. வருதலும் தருதலும் தன்மை முன்னிலைக்கும், செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கும் உரியன என்று தொல்காப்பியம் கிளவியாக்கத்துள் வகுத்தமை ஈண்டு நினைக்கத் தக்கது.

இரண்டாவது, ஆங்கிலம் இடைச்சொல் இடும் இடத்தில் தமிழ் வினையெச்சம் இடுதல். 'கடலை நோக்கிச் சென்றான்', 'வீட்டை விட்டுப் போனான்', 'மேட்டைச் சுற்றி வந்தான்', 'அதனைப் பற்றிப் பேசினான்' என்பவற்றுள் நோக்கி, விட்டு, சுற்றி, பற்றி என்பன வினையாய்ப் பிறந்து உருபின் தொழிலை மேற்கொண்டன. கொண்டு, இருந்து, நின்று என்பவற்றை நம் இலக்கணத்தார் சொல்லுருபு என்றே வழங்கினர்.

மூன்றாவது, முதல்வினையை அடுத்துத் துணைவினை வருதல். 'புட் அப் வித்' என்பது பொறுத்துக்கொள். 'கிவ் இன்' என்பது விட்டுக்கொடு. 'புட் ஆஃப்' என்பது தள்ளிப்போடு. 'ஃபைண்ட் அவுட்' என்பது கண்டுபிடி. 'ஈட் அப்' என்பது தின்றுதீர். ஆங்கிலத்தில் சிறுசொல் ஏற்றும் முற்றுப்பொருள், தொடர்ச்சிப்பொருள், மனநிலைப்பொருள் ஆகியவற்றைத் தமிழில் விடு, கொள், போ, இரு, தள்ளு முதலிய வினைகள் ஏற்றுகின்றன. ஆயினும் ஒன்றற்கொன்று நிலையான நேர் உண்டு எனக் கொள்ளல் ஆகாது. 'பார்த்துக்கொள்', 'பேசிக்கொண்டிரு', 'அடித்துக்கொள்' என்னும் மூன்றிடத்தும் 'கொள்' வேறுவேறு பொருள் தருதல் காண்க.

இச்சேர்க்கைகள் ஒருசொல்லாயினவா என அறிதற்கு எளிய அளவுகோல் ஒன்று உண்டு. 'அவனைக் கண்டு, கையைப் பிடித்தான்' என்புழிச் செயல் இரண்டு. இடையே பிறசொல் வந்தது. 'வழியைக் கண்டுபிடித்தான்' என்புழிச் செயல் ஒன்றே. இடையே பெயர் ஒன்றைச் செருகின் பொருள் சிதையும். 'பேசிக்கொண்டே இருந்தான்' என்பதில் போல ஏகாரம் முதலிய இடைச்சொற்களே நடுவில் நிற்கும். இத்தகைய சிலவற்றை நம் உரையாசிரியர்கள் 'ஒருசொல் நீர்மைத்து' என்று குறித்துச் சென்றனர். பிராட்லியும் ஸ்மித்தும் பெயரிட்ட தன்மைக்கு மிக அணித்தாய கருத்து அவ்வொரு தொடரில் உளது. ஆயின் உரையிடையே வந்த அக்குறிப்புத் தனி இலக்கண இயலாக வளரவில்லை. சொல்லைப் பகுதி, இடைநிலை, விகுதி எனப் பிரித்த நன்னூல் முறையிலும் துணைவினைக்குத் தனியிடம் அமையவில்லை.

அவ்விடத்தை நிரப்ப முற்பட்டவருள் பேச்சுவழக்கைக் கற்க நேர்ந்த அயலார் குறிப்பிடத் தக்கவர். வீரமாமுனிவர் கொடுந்தமிழ்க்கு 1728 இல் இலத்தீனில் எழுதிய இலக்கணம் 1738 இல் தரங்கம்பாடியில் அச்சேறிற்று. முசேவும் துய்ப்புயியும் தொகுத்த தமிழ் - பிரெஞ்சு அகராதி 1855 இலும் 1862 இலும் இரு தொகுதிகளாகப் புதுவை மிஷன் அச்சகத்தில் வெளிவந்தது. வின்சுலோவின் தமிழ் - ஆங்கில அகராதி சென்னையில் வெளிவந்ததும் அதே 1862 இல்தான். நம் காலத்தில் இ. அண்ணாமலை, தமிழ் வினையின் விரிவு பற்றி 1985 இல் வெளியிட்ட ஆங்கில நூல் துணைவினைகளை நுணுகி ஆராய்ந்தது.

வழக்கைக் காட்டும் மூலச்சான்றும் புதுவையிலேயே உளது. 1736 முதல் 1761 வரை ஆனந்தரங்கப்பிள்ளை எழுதிய நாட்குறிப்பு, பேச்சை ஒட்டிய நடையினது. அதனைப் பிரெஞ்சு ஆட்சியின் வரலாற்றுக்கு ஆவணமாகப் பலரும் பயன்படுத்தினர். வினைச்சேர்க்கைகளின் வரலாற்றுக்கும் அஃது ஆவணமாகும்; அந்நோக்கில் அதனைச் சொல்தொறும் ஆராய்தல் வேண்டும்.

ஏட்டில் இருப்பது காத்திருக்கும். பேச்சில் இருப்பது காத்திராது. 'கரையேறு' என்பது கடலினின்று மீள்வதையும் துன்பத்தினின்று மீள்வதையும் உணர்த்துகின்றது. 'கரைசேர்' என்பதும் அன்னது. கடற்றொழில் தந்த இத்தகைய சேர்க்கைகள் நூல்வழக்கில் ஏறிவிட்டன. ஏறாதன மீனவர் நாவில் உள்ளன. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கியபின் இக்கடற்கரையில் கண்ணாடியிழைப் படகுகள் பெருகின. கட்டுமரத்தைத் தள்ளுதல், செலுத்துதல், கரையேற்றுதல் ஆகிய செயல்கள் அருகும்போது அவற்றைக் குறித்த வினைச்சேர்க்கைகளும் அருகும்.

ஆதலின் முதுகலை மாணவர்க்கு இரு பணிகள் உள. ஆங்கிலச் சேர்க்கை வினைகளைச் சிறுசொல் வரிசையில் மனனம் செய்யாது, ஒவ்வொன்றையும் ஒருசொல்லாகக் கொண்டு அதற்கு நேரான தமிழ் வினைச்சேர்க்கையோடு கற்றல் ஒன்று. வீராம்பட்டினம் போன்ற ஊர்களில் முதியோர் பேச்சைப் பதிந்து, அதில் வரும் வினைச்சேர்க்கைகளை அவை வழங்கும் முழுத்தொடரோடு தொகுத்தல் மற்றொன்று. ஆங்கிலேயர் தம் வழக்கினின்று தொகுத்த அகராதியை நாம் விலைகொடுத்து வாங்கிக் கற்கின்றோம். நம் வழக்கிற்கு அத்தகைய தொகுப்பைச் செய்யும் கடமை நம்முடையதேயாகும்.