கழுகுமலைக் கல்லில் எழுதிய பெயர்கள்

கோவிற்பட்டியிலிருந்து சங்கரன்கோவிலை நோக்கிக் கரிசற் காட்டினூடே சுமார் 20 கிலோமீட்டர் சென்றால் கழுகுமலை தென்படும். பருத்தியும் கம்பும் வானத்தை நம்பி விளையும் சமவெளியில் தனித்து எழுந்த பாறை அது. அடிவாரத்து முருகனின் புகழை அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச் சிந்து தமிழுலகெங்கும் பரப்பியது. நான் உங்களை இன்று மலைமேல் அழைத்துச் செல்ல விரும்புகிறேன், மாணவ நண்பர்களே.

முதலில் வெட்டுவான் கோவில். எட்டாம் நூற்றாண்டில், பாண்டியர் ஆட்சியில், ஒரே பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கி எழுப்பிய கோவில் இது. அதே நூற்றாண்டில் எல்லோராவில் கைலாசநாதர் கோவில் உருவானதும் இம்முறையில்தான். ஆயினும், இங்கே சிகரத்தை முடித்த உளி அடிப்பகுதியை எட்டவில்லை. மகனின் புகழைப் பொறாத தந்தை அவனைக் கொன்றான், அதனால் பணி நின்றது என்பர் ஊரார். சுவையான கதைதான், ஆனால் ஒரு சிற்பி மாண்டதற்காக அத்தனை பெரிய திருப்பணி நின்றுவிடுமா?

பாறையின் மற்றொரு புறம் சமணப் படிமங்கள் வரிசை வரிசையாக அமைந்துள்ளன. பார்சுவநாதர், பாகுபலி, சிங்கத்தோடு நிற்கும் அம்பிகை ஆகியோரைப் பெரிய அளவில் காணலாம். மற்றவை பெரும்பாலும் சிறிய உருவங்களே. பலவற்றின் அடியில் வட்டெழுத்தில் ஓரிரு வரிகள் உண்டு. செய்வித்தவர் யார், எவ்வூரார், யாருடைய மாணாக்கர் என்பதே செய்தி. இத்தகைய சிறு கல்வெட்டுகள் ஏறத்தாழ நூறு. அவற்றில் குரத்தியார் பலர் வருகின்றனர். குரத்தி என்றால் பெண் ஆசிரியர். குமரி மாவட்டத்துச் சிதறால் மலைக்கு அந்நாளில் திருச்சாரணம் என்று பெயர். அங்கிருந்தும் ஒரு குரத்தியார் இங்கு வந்திருக்கிறார். ஏறக்குறைய ஆயிரத்திருநூறு ஆண்டுகளுக்கு முன், இக்கரிசல் நாட்டில் பெண்கள் ஆசிரியராய் வீற்றிருந்தனர் என்பதைப் பாடநூலில் அன்று நான் படித்ததில்லை.

பள்ளிப் பருவத்தில் நண்பர்களோடு இம்மலைக்கு வந்தபோது, வட்டெழுத்தை வெறும் கீறல் என்றே எண்ணினேன். அருகே ஓர் ஆணியால் என் பெயரையும் கீறினேன். வட்டெழுத்தைக் கற்றபின் மீண்டும் ஏறிச் சென்று, அந்த வரிகளை விரலால் தடவித் தடவி வாசித்தேன். குரத்தியாரின் பெயர் தெளிவாக இருந்தது. சற்றுத் தள்ளி என் பெயரும் இருந்தது. அதனை என்னால் அழிக்க முடியவில்லை.