ஜந்தர் மந்தர், ஜெய்ப்பூர்

ராஜஸ்தானின் ஜெய்ப்பூர் அரண்மனையை ஒட்டியுள்ள 18ஆம் நூற்றாண்டு வானாய்வுக்கூடம். ஆம்பர் அரசர் இரண்டாம் சவாய் ஜெய்சிங் (1688–1743) கட்டியது. டெல்லி, உஜ்ஜயினி, வாராணசி, மதுரா ஆகிய ஊர்களிலும் அவர் இத்தகைய கூடங்களை அமைத்தார். மதுராவில் இருந்தது அழிந்துவிட்டது. ஐந்தில் பெரியதும் நன்கு பேணப்படுவதும் ஜெய்ப்பூர்க் கூடமே.

பித்தளைக் கருவிகள் தேய்ந்தும் ஆடியும் கணக்கைப் பிழையாக்கியதால், ஜெய்சிங் கல்லையும் சுண்ணாம்பையும் நாடினார். இங்குள்ள சுமார் 20 கருவிகளில் தலையாயது சாம்ராட் யந்திரம் என்னும் சூரியக் கடிகாரம். ஏறத்தாழ 27 மீட்டர் உயரமுள்ள அதன் சாய்சுவர், ஊரின் அட்சரேகைக்குச் சமமாக 27 பாகை சாய்ந்து வானின் வடதுருவத்தை நோக்குகிறது. சுவரின் நிழல் இருபுறமும் உள்ள வளைவுகளில் நொடிக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் நகர்கிறது, கண்ணாலேயே பார்க்கலாம். ஆனால் சூரியன் ஒரு புள்ளியன்று, வட்டு. ஆகவே நிழலின் விளிம்பு மங்கிப் பரவுகிறது. பருமனைக் கூட்டினால் துல்லியம் கூடும் என்ற நம்பிக்கை இங்கே தன் எல்லையைத் தொட்டது. கலைநயத்தில் ஜெயப்பிரகாச யந்திரத்தின் குழிந்த பளிங்குக் கிண்ணங்களே விஞ்சி நிற்கின்றன.

2010இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. சாம்ராட் யந்திரம் காட்டுவது உள்ளூர் நேரம். இந்திய நேரத்தைவிடச் சராசரியாக 27 நிமிடம் பின்தங்கியிருக்கும். பார்க்கச் செல்வோர் கைக்கடிகாரத்தோடு ஒப்பிடும்போது இதை நினைவில் கொள்க.