படகெலும்பு முறிவு

மணிக்கட்டில் உள்ள எட்டுச் சிறு எலும்புகளுள் பெருவிரல் பக்கம் அமைந்த படகெலும்பில் ஏற்படும் முறிவு. மணிக்கட்டுச் சிற்றெலும்பு முறிவுகளில் இதுவே அதிகம். விழும்போது உள்ளங்கையை ஊன்றுவதால் பெரும்பாலும் நேர்கிறது, இளைஞர்களிடம் மிகுதி. வீக்கம் குறைவு, விரல்களும் அசையும். அதனால் சுளுக்கு என்று எண்ணி, எண்ணெய் போட்டு நீவிவிட்டுக் காலம் கடத்துவோர் பலர். கையையே முடக்கிவிடக்கூடிய தவறு இது.

பெருவிரலை விரித்து நிமிர்த்தினால் அதன் அடியில், தசைநாண்களுக்கு நடுவே ஒரு சிறு குழி விழும். அக்குழியை அழுத்தும்போது வலித்தால், முறிவு இருப்பதாகவே கொண்டு மணிக்கட்டை அசையாமல் கட்டிவைப்பது மருத்துவ நெறி. முதல் எக்ஸ்ரேயில் விரிசல் தெரியாமல் போகலாம். 10 முதல் 14 நாள் கழித்து மீண்டும் படம் எடுப்பர். எம்.ஆர்.ஐ. முன்னதாகவே காட்டிவிடும்.

இவ்வெலும்புக்கு ரத்தம் பெரும்பாலும் விரல் பக்க முனையில் நுழைந்து முன்கையை நோக்கிப் பின்னோக்கிப் பாய்கிறது. நடுவில் முறிந்தால் முன்கைப் பக்கத் துண்டு ரத்தமின்றிச் செத்துப்போகக்கூடும். கூடுவதும் தாமதம்.

விலகாத முறிவுக்கு வழக்கமாக 6 முதல் 12 வாரம் மாவுக்கட்டு. விலகியிருந்தாலோ முன்கைப் பக்க முனையில் முறிந்தாலோ பெரும்பாலும் திருகாணி பொருத்துவர். ஆஸ்திரேலிய மருத்துவர் திமொதி ஹெர்பர்ட் வடிவமைத்த தலையில்லாத் திருகாணி எலும்புக்குள்ளேயே புதைந்துவிடும். இரு முனைகளிலும் புரியிடைவெளி வேறுபடுவதால் முறுக்க முறுக்கத் துண்டுகள் நெருங்கி இறுகும். கூடாமல் நாள்பட்ட முறிவுக்கு இடுப்பெலும்பிலிருந்து சிறு துண்டெடுத்து ஒட்டுவைக்க நேரும். அதையும் கவனியாது விட்டால் மணிக்கட்டு மூட்டு தேய்ந்துபோகும்.