அரசியல் சட்டத்தில் கையொப்பமிட்ட அயர்லாந்து வணிகர்

1787-ஆம் ஆண்டு செப்டம்பர் 17-ஆம் நாள், பிலடெல்பியா நகரில் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அரசியல் சட்டத்தில் 39 பேர் கையொப்பமிட்டனர். அவர்களுள் கத்தோலிக்கர் இருவரே. ஒருவர் மேரிலாந்தைச் சேர்ந்த டேனியல் கரோல். நிலமும் செல்வமும் நிறைந்த குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய இளவல் ஜான் கரோல்தாம் பின்னர் அந்நாட்டின் முதல் கத்தோலிக்க ஆயரானார். மற்றவர் தாமஸ் ஃபிட்ஸ்சைமன்ஸ். இவருக்கு அத்தகைய குடிப்பெருமை ஏதுமில்லை. பிழைப்புத் தேடிக் கடல் கடந்து வந்தவர்.

1741-ஆம் ஆண்டு அயர்லாந்தில் பிறந்தார். கத்தோலிக்கர் என்ற ஒரே காரணத்திற்காக மக்கள் நிலம் வாங்கவும் அரசுப் பதவி வகிக்கவும் தடைசெய்யப்பட்டிருந்த காலம் அது. 1760-ஆம் ஆண்டையொட்டி, இருபது வயதைத் தொடும் இளைஞராகப் பிலடெல்பியாவில் குடியேறினார். வந்த சிறிது காலத்திலேயே தந்தையை இழந்தார். வணிக நிலையம் ஒன்றில் எழுத்தராக அமர்ந்து தொழில் கற்றார். 1761-இல் உள்ளூர் வணிகர் ஒருவரின் மகளாகிய கேத்தரின் மீட் என்பாரை மணந்தார். மைத்துனர் ஜார்ஜ் மீடுடன் கூட்டாகத் தொடங்கிய வணிகம் மேற்கிந்தியத் தீவுகளோடு செழித்து வளர்ந்தது. இவ்விணையருக்குப் பிள்ளைப்பேறு வாய்க்கவில்லை. ஆயினும் மனைவியின் வீட்டாரே அவருக்குச் சுற்றமாயினர். தொழிலும் இல்லறமும் அவருக்கு ஒரே கூரையின்கீழ் அமைந்தன எனலாம். அந்த மைத்துனரின் பேரன்தான், 1863-இல் கெட்டிஸ்பர்க் போரில் வெற்றி கண்ட தளபதி ஜார்ஜ் கார்டன் மீட்.

பென்சில்வேனியா அந்நாளில் சமயப் பொறைக்குப் பெயர் பெற்றது. பிற ஆங்கிலேயக் குடியேற்றங்களில் மறைவாகத் திருப்பலி நிறைவேற்றிய காலத்தில், பிலடெல்பியாவில் 1733 முதலே புனித சூசையப்பர் சிற்றாலயத்தில் வெளிப்படையாக வழிபாடு நடைபெற்றது. ஆனால் பதவி என்று வந்துவிட்டால் நிலைமை வேறு. பொதுப்பதவி ஏற்போர் ஓர் உறுதிமொழி எடுத்தாக வேண்டும். நற்கருணையில் அப்பமும் இரசமும் ஆண்டவரின் திருவுடலாகவும் திருஇரத்தமாகவும் மாறுகின்றன என்னும் விசுவாசத்தை அதில் மறுக்க வேண்டும். எந்தக் கத்தோலிக்கர் அதைச் சொல்வார்? முழந்தாளிட இடம் தந்தவர்கள் அமர்ந்து பேச இருக்கை தரவில்லை. பென்சில்வேனியாவின் புகழைப் பாடும் வரலாற்று நூல்கள் இதை ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றன.

இத்தகைய நாட்டிற்காகத்தான் ஃபிட்ஸ்சைமன்ஸ் ஆயுதம் ஏந்தினார். விடுதலைப் போர் மூண்டபோது பென்சில்வேனியத் தொண்டர் படையில் ஒரு பிரிவிற்குத் தலைவராகி, கர்னல் ஜான் கட்வாலடரின்கீழ்ப் பணியாற்றினார். முதலில் நியூஜெர்சியில் காவல் பணி. பின்னர் 1776 டிசம்பரில், வாஷிங்டன் டெலவேர் ஆற்றைக் கடந்து ட்ரென்டனைத் தாக்கிய புகழ்பெற்ற நாளில், அவருடைய பிரிவு துணைப்படையாகவே நிறுத்தப்பட்டிருந்தது. அன்றிரவு ஆற்றின் கீழ்ப்பகுதியில் மிதந்த பனிக்கட்டிகளால் கட்வாலடரின் படை தன் பீரங்கிகளைக் கரைசேர்க்க இயலாமல் திரும்பியது. ஓவியங்களில் தீட்டப்படும் வீரம் அவருக்கு வாய்க்கவில்லை. அவரது பெருந்தொண்டு வேறிடத்தில் இருந்தது: மாநிலத்தின் சிறு கடற்படையை மேற்பார்வையிடுவது, கப்பல்களும் உணவும் பணமும் திரட்டித் தருவது. வெறும் வயிற்றோடு எந்தப் படை போரிடும்?

1776-இல் பென்சில்வேனியா இயற்றிய புதிய அரசியல் சட்டம் அந்தப் பழைய உறுதிமொழியை நீக்கியது. அதன்பின் அவர் ஏறிய படிகள் பல. 1781-இல் வட அமெரிக்க வங்கியை நிறுவியோருள் ஒருவரானார். 1782-இல் காங்கிரஸ் உறுப்பினரானார். 1787-இல் அரசியல் சட்டப் பேரவைக்குச் சென்றார். அப்பேரவையில் வெளிநாட்டில் பிறந்தோருக்கு உறுப்பினர் தகுதி குறித்து விவாதம் எழுந்தபோது ஜேம்ஸ் வில்சன் எழுந்து, பென்சில்வேனியாவின் பிரதிநிதிகளிலேயே மூவர் — ராபர்ட் மாரிஸ், ஃபிட்ஸ்சைமன்ஸ், தாம் — அந்நாட்டில் பிறவாதவர்கள் என்பதை எடுத்துக்காட்டினார். எண்மர் கொண்ட குழுவில் மூவர்!

ஆயினும் ஒன்றை மறைப்பதற்கில்லை. நிலவுடைமையாளருக்கு மட்டுமே வாக்குரிமை அளிக்க வேண்டும் என்று கவர்னர் மாரிஸ் (கவர்னர் என்பது இவருடைய இயற்பெயர், பதவியன்று) முன்மொழிந்தபோது, அதை வழிமொழிந்தவர் ஃபிட்ஸ்சைமன்ஸ். கையில் காசின்றிக் கரையிறங்கும் இளைஞனுக்குக் கதவடைக்கும் தீர்மானம் அது. பேரவை அதனை ஏற்கவில்லை. அதே மனிதர்தாம் 1790 பிப்ரவரியில், அடிமை வாணிகத்திற்கு எதிராகக் குவேக்கர் சபையினர் அளித்த விண்ணப்பத்தைப் பிரதிநிதிகள் சபையில் சமர்ப்பித்தார். அவ்வாண்டிலேயே கத்தோலிக்கர் சார்பில் வாஷிங்டனுக்கு அனுப்பப்பட்ட வாழ்த்து மடலிலும் அவர் பெயர் உண்டு; போரில் சிந்திய இரத்தத்திற்கு ஈடாகச் சம உரிமையை எதிர்பார்ப்பதாக அம்மடல் பணிவோடு, ஆனால் தெளிவாக, உணர்த்தியது. மனிதரை ஒரே வண்ணத்தில் தீட்டுவது எளிதன்று.

1795-இல் சபையை விட்டு வெளியேறிய பின்பு துன்பம் தொடங்கிற்று. புரட்சிக்குப் பொருளுதவி செய்த பெருஞ்செல்வர் ராபர்ட் மாரிஸ், எல்லையற்ற நிலங்களைக் கடனில் வாங்கிக் குவித்தார். நண்பர்மீது கொண்ட நம்பிக்கையால் ஃபிட்ஸ்சைமன்சும் அதில் சிக்கினார். 1798-இல் மாரிஸ் கடனாளிச் சிறைக்குச் சென்றார். 1805-இல் ஃபிட்ஸ்சைமன்சும் திவாலானார். நாற்பதாண்டு உழைப்பு கரைந்தது. ஓரளவு மீண்டெழுந்தபோதிலும் பழைய நிலை திரும்பவில்லை. 1811 ஆகஸ்டு 26 அன்று இறந்து, புனித மரியன்னை ஆலயக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

செல்வம் இருந்த நாளில் அவர் தாராளமாகக் கொடுத்தவற்றுள் ஒன்று, 1796-இல் பணி தொடங்கிய புனித அகுஸ்தினார் ஆலயம். அதற்கு வாஷிங்டனும் நன்கொடை அளித்திருந்தார். 1844 மே மாதத்தில், அயர்லாந்துக் குடியேறிகளையும் கத்தோலிக்கரையும் வெறுத்த கும்பல் ஒன்று அவ்வாலயத்தை அதன் நூலகத்தோடு எரித்தது. அந்நாட்டின் அரசியல் சட்டத்தில் கையொப்பமிட்ட ஒரு குடியேறியின் காசில் எழுந்த சுவர்கள் அவை என்பது, தீ வைத்தவர்களுள் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? மூன்று ஆண்டுகள் கழித்து, 1847-இல், அதே இடத்தில் இறைமக்கள் ஆலயத்தை மீண்டும் கட்டத் தொடங்கினர்.