சத்தமில்லாத ஒரு மணி நேரம்

வீட்டிலேயே கிடார் வாசித்து வீடியோ எடுக்க எவ்வளவு செலவாகும் என்று கேட்டுப் பாருங்கள். தெரிந்தவர்கள் ஒரு பட்டியல் சொல்வார்கள். படத்துக்குக் கையிலிருக்கும் போன் போதும். ஒலிக்குத் தனியாக ஒரு மைக். அதைக் கிடாரின் ஓட்டைக்கு நேரே வைக்கக் கூடாது, அடித்தொனி குமுறும்; கழுத்தும் உடலும் சேரும் இடத்தைப் பார்த்து ஒரு சாண், ஒன்றரைச் சாண் தள்ளி வைக்க வேண்டும். எதிரொலியை அடக்க மெத்தை, போர்வை, துணி அடுக்கிய அலமாரி. ஒலியும் படமும் தனித்தனியாகப் பதிவானால் தொடக்கத்தில் ஒரு முறை கைதட்டிக்கொள்ள வேண்டும், பிறகு இரண்டையும் பொருத்த அது உதவும். ஃபேனை நிறுத்துங்கள், ஃபிரிட்ஜை அணையுங்கள் என்பதோடு பட்டியல் முடியும்.

எல்லாம் சரியான யோசனைகள்தான். யாராவது கேட்டால் நானும் இவற்றையே சொல்வேன். ஆனால் ஃபேனுக்கு ஒரு சுவிட்ச் இருக்கிறது. பசித்து அழும் குழந்தைக்கும், மாத்திரை கேட்டுக் கூப்பிடும் மாமியாருக்கும், மூன்றாவது விசிலுக்குக் காத்திருக்கும் குக்கருக்கும் அது கிடையாது. அந்தப் பட்டியலில் விலை போடப்படாத ஒரே பொருள் அமைதி. ஒரு வீட்டில் ஒருவருக்கு ஒரு மணி நேரம் அமைதி கிடைக்கிறதென்றால், அந்த ஒரு மணி நேரம் வீட்டின் சத்தங்களை வேறொருவர் சுமக்கிறார் என்று பொருள். வீட்டில் கிடார் வாசித்துப் பதிவுசெய்த பெண்களின் வரலாற்றை இந்தக் கணக்கோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

கிடார் முதலில் வீட்டுக்குள் இருந்த கருவி என்பதே இன்று பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும், நடுத்தர, மேல்தட்டுக் குடும்பத்துப் பெண்கள் கூடத்தில் உட்கார்ந்து வாசிக்க ஏற்றது என்று கருதப்பட்ட கருவி அது. உடல் சிறியது, ஒலி மெல்லியது. அண்டை அறையில் பேசிக்கொண்டிருக்கும் ஆண்களைத் தொந்தரவு செய்யாது. லண்டனில் மேடம் சிட்னி பிராட்டன் என்ற பெண், கிடார் கற்பிப்பதையும் பயிற்சி நூல்கள் வெளியிடுவதையும் ஒரு முழு வாழ்க்கைத் தொழிலாகவே நடத்தினார். மின்சாரமும் பெரிய மேடையும் வந்த பிறகுதான் கிடார் ஆண்மையின் அடையாளமாக ஆக்கப்பட்டது. வீட்டுக்குள் இருந்தவரை அது பெண்ணுடையது. காசும் புகழும் கொண்டுவரத் தொடங்கியதும் கை மாறிவிட்டது.

கூடத்தில் உட்கார்ந்து வாசித்தவர்கள் வெள்ளைக்காரச் சீமாட்டிகள். அவர்களுடைய வீடுகளைப் பெருக்கியவர்களின் கதை வேறு.

எலிசபெத் காட்டன் 1890-களில் வடக்குக் கரோலினாவில், சாப்பல் ஹில் பக்கத்தில் பிறந்த கறுப்பினப் பெண். அண்ணனின் பான்ஜோவை அவன் இல்லாத நேரத்தில் எடுத்துத் திருட்டுத்தனமாக வாசித்துப் பழகினார். சிறுமியாக இருக்கும்போதே வெள்ளையர் வீட்டில் வேலைக்குச் சேர்ந்தார். தொடக்கச் சம்பளம் மாதம் 75 சென்ட். அதைச் சேர்த்துவைத்து வாங்கிய ஸ்டெல்லா கிடாரின் விலை 3.75 டாலர். வேறு எதற்கும் ஒரு காசு செலவழிக்காவிட்டாலும் ஐந்து மாத உழைப்பு. ‘குறைந்த செலவில் கிடார்’ என்று நாம் பேசும்போது, யாருடைய வருமானத்தில் குறைந்த செலவு என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டியிருக்கிறது.

அவர் இடதுகைக்காரர். வலதுகைக்காரர்களுக்கென நரம்பு கட்டிய கிடாரை, நரம்புகளை மாற்றாமல், அப்படியே தலைகீழாகப் பிடித்து வாசித்தார். இதனால் எல்லாமே புரண்டது. மற்றவர்கள் கட்டைவிரலால் மந்தர நரம்புகளையும் விரல்களால் மெல்லிய நரம்புகளையும் மீட்டுவார்கள். காட்டனோ மந்தர நரம்புகளை விரல்களால் ஓட்டினார், பாட்டின் மெட்டைக் கட்டைவிரலால் எடுத்தார். கற்றுக்கொடுக்க யாரும் இல்லாததால் பிறந்த முறை அது. பதின்வயதைத் தொடும் பருவத்திலேயே சரக்கு ரயிலைப் பற்றிய பாட்டு ஒன்றையும் கட்டிவிட்டார். ‘ஃப்ரெய்ட் ட்ரெய்ன்’ என்று பின்னாளில் உலகம் முழுவதும் பாடிய பாட்டு அதுதான்.

பிறகு திருமணம், ஒரு மகள். சர்ச்சில் இருந்தவர்கள் இந்த உலகியல் பாட்டெல்லாம் ஆகாது என்றார்கள். கிடார் மூலைக்குப் போனது. பல பத்தாண்டுகள். நம் ஊர்ப் பெண்கள் பலரின் வீணைக்கும் பாட்டுக்கும் நேர்ந்தது இதேதான் என்பதால், இந்த இடத்தை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

1940-களின் பிற்பகுதியில் அவர் வாஷிங்டனில் ஒரு பல்பொருள் அங்காடியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் கடையில் காணாமல்போன ஒரு சிறுமியைக் கண்டுபிடித்துத் தாயிடம் சேர்த்தார். அந்தச் சிறுமி பெகி சீகர். தாய் ரூத் கிராஃபோர்ட் சீகர். இந்தப் பழக்கத்தில் காட்டன் சீகர் வீட்டுக்குச் சமையலுக்கும் இஸ்திரி போடவும் வேலைக்குச் சேர்ந்தார். வழக்கமாக இந்தக் கதையை ஒரு தேவதைக் கதைபோலச் சொல்கிறார்கள்: இசைக் குடும்பம், சுவரில் தொங்கிய கிடார், ஒரு நாள் வேலைக்காரம்மா அதை எடுத்து வாசிக்க, குழந்தைகள் வாயடைத்து நிற்கிறார்கள். எனக்கு அந்தக் கதையில் இன்னொரு பெண்ணையும் பார்க்கத் தோன்றுகிறது.

ரூத் கிராஃபோர்ட் சாதாரண ஆள் அல்ல. இசையமைப்புக்காக 1930-இல் குகன்ஹைம் நல்கை பெற்ற முதல் பெண். 1931-இல் அவர் எழுதிய நால்வர் இசை, அந்த நூற்றாண்டின் துணிச்சலான படைப்புகளில் ஒன்றாக இன்றும் பேசப்படுகிறது. அதன் பிறகு திருமணம், நான்கு குழந்தைகள். சொந்தமாக இசையமைப்பது ஏறக்குறைய நின்றுபோனது. குடும்பத்துக்காகப் பியானோ வகுப்புகள் எடுத்தார், நாட்டுப்பாடல்களைக் கேட்டுக் கேட்டு எழுதித் தொகுப்புகளாக்கினார். அந்த வேலைக்கு அவருக்குக் கிடைத்த கொஞ்ச நஞ்ச அமைதியை, இஸ்திரிப் பெட்டியோடு நின்று காத்துக்கொடுத்தவர் காட்டன். நாட்டுப்பாடல்களைத் தேடித் தொகுத்துக்கொண்டிருந்த ஒரு வீட்டில், அந்தப் பாடல்களின் சொந்தக்காரி ஒருத்தி அடுக்களையில் நின்றிருக்கிறாள், அது சில காலம் யாருக்கும் தெரியவில்லை. ரூத்தைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. அமைதிக்கு ஒரு வரிசை இருந்தது: கணவர், பிறகு குழந்தைகளின் படிப்பு, பிறகு ரூத், கடைசியில் காட்டன். ரூத் 1952-இல் மறுபடி சொந்தப் படைப்புக்குத் திரும்பினார். 1953-இல் புற்றுநோயால் இறந்தார்.

1950-களின் பிற்பகுதியில் மகன் மைக் சீகர் ஒரு டேப் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு காட்டனின் வீட்டுக்குப் போனார். அவருடைய படுக்கையறையில் வைத்துப் பதிவுசெய்தார். ஸ்டுடியோ இல்லை, பொறியாளர் இல்லை. ஃபோக்வேஸ் நிறுவனம் 1958-இல் அதை இசைத்தட்டாக வெளியிட்டது. அப்போது காட்டனுக்கு அறுபது வயதைத் தாண்டியிருந்தது, வீட்டு வேலையை விட்டிருக்கவும் இல்லை. அந்த இசைத்தட்டைக் கேட்டால் பளபளப்பு எதுவும் தெரியாது. ஒரு சிறிய அறையின் அளவு தெரியும். இதைக் குறை என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

அதற்கு ஓராண்டு முன்பே அந்தப் பாட்டு அவரை விட்டுப் போயிருந்தது. பெகி அதை இங்கிலாந்தில் பாட, அங்கே கேட்ட இருவர் தங்கள் பெயரில் பதிவுசெய்துகொண்டார்கள். 1957-இல் அது அங்கே பெரிய வெற்றிப் பாட்டு. சீகர் குடும்பம் தலையிட்ட பிறகே காட்டனின் பெயரும் உரிமையில் சேர்ந்தது. பதிவு என்பது அழகுக்காக மட்டும் அல்ல, சாட்சிக்காகவும்தான். காகிதமும் டேப்பும் கையில் இல்லாதவர்களின் பாட்டு யாருடைய பாட்டாகவும் ஆகிவிடும்.

இதே ஆண்டுகளில் நியூயார்க்கில் வேறொரு பெண் இதற்கு நேர்மாறான நிலையில் இருந்தார். கோனி கன்வர்ஸ், 1924-இல் பிறந்த வெள்ளையர், கல்லூரியைப் பாதியில் விட்டு நகரத்துக்கு வந்தவர். அச்சகம் ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டு தனியாக வாழ்ந்தார். க்ரெஸ்ட்வுட் 404 என்ற டேப் ரிக்கார்டரைத் தானே வாங்கி, கிடாரோடு தன் பாட்டுகளைத் தானே பதிவுசெய்தார். காட்டனுக்கு இல்லாத அமைதி இவருக்கு இருந்தது, ஆனால் கேட்க ஆள் இல்லை. 1954-இல் ஜீன் டைச் என்ற ஓவியர் தன் வீட்டில் நண்பர்களைக் கூட்டி இவரைப் பாடவைத்துப் பதிவுசெய்தார். அதே ஆண்டு தொலைக்காட்சியிலும் ஒரு முறை தோன்றினார். அவ்வளவுதான். 1961-இல் நியூயார்க்கை விட்டு மிச்சிகனுக்குப் போனார், ஆய்விதழ் ஒன்றில் பொறுப்பாசிரியராக உழைத்தார். 1974-இல் குடும்பத்தாருக்கும் நண்பர்களுக்கும் கடிதங்கள் எழுதிவைத்து, காரில் ஏறிப் போனவர் திரும்பவே இல்லை. டேப்புகள் மட்டும் இருந்தன. 2004-இல் முதிய டைச் ஒரு வானொலி நிகழ்ச்சியில் அந்தப் பழைய பதிவை ஒலிக்கவிட்டார். 2009-இல் ஆல்பமாக வந்தது. ‘மறக்கப்பட்ட மேதை’ என்று இப்போது எழுதுகிறார்கள். மறந்ததாகச் சொல்ல, முதலில் யாராவது கேட்டிருக்க வேண்டும்.

ஜெர்மனியின் சிபிலே பையர் 1970-க்கும் 1973-க்கும் இடையில் வீட்டிலேயே டேப்பில் பாடிவைத்தார். பிறகு குடும்பம், குழந்தைகள். முப்பது ஆண்டுகள் கழித்து மகன் அவற்றைக் குறுந்தகடாக்க, 2006-இல் வெளியானது. இது சோகக் கதையா என்று எனக்குள் ஒரு விவாதம் உண்டு. தன் வாழ்க்கையை அவரே தேர்ந்துகொண்டார் என்றால் அதை மதிக்கத்தான் வேண்டும். ஆனால் இதே தேர்வை ஓர் ஆண் கிடார்க்காரர் முன் யாரும் வைப்பதில்லை.

இதற்குள் கருவிகள் மலிந்துவிட்டன. 1963-இல் ஃபிலிப்ஸின் கேசட், 1979-இல் ஒரே பெட்டிக்குள் நான்கு தடங்களில் பதிவுசெய்யும் டாஸ்காம் போர்ட்டாஸ்டுடியோ, பிறகு கணினி. இங்கிலாந்தின் வாஷ்டி பன்யன் 1970-இல் ஒரு ஆல்பம் செய்து, அது எடுபடாமல் போக, கிடாரைத் தொடாமலே பிள்ளைகளை வளர்த்தவர். 2014-இல் வந்த அவருடைய ‘ஹார்ட்லீப்’ ஆல்பம் பெரும்பகுதி எடின்பரோ வீட்டில் அவரே பதிவுசெய்து, அவரே தயாரித்தது. ஏழு ஆண்டுகள் பிடித்தன. கடிகாரத்தைப் பார்த்து வாடகை கேட்கும் ஸ்டுடியோவில் அந்த ஏழு ஆண்டுகள் நடந்திருக்காது.

2005-இல் யூடியூப் வந்த பிறகு வீட்டுப் பதிவுக்குப் படமும் சேர்ந்தது. 2006-இல் டெர்ரா நவோமி தன் குடியிருப்பில் உட்கார்ந்து கிடாரோடு பாடிய வீடியோவைப் பல லட்சம் பேர் பார்த்தார்கள். இடைத்தரகர் இல்லாமல் போனது பெரிய விடுதலைதான். கூடவே இன்னொன்றும் வந்தது. டேப்புக்குப் பாடிய பெண்ணிடம் யாரும் தலைமுடியைப் பற்றிப் பேசவில்லை. கேமராவுக்கு முன் உட்கார்ந்தவள் எப்படி வாசித்தாள் என்பதற்கு முன்னால் எப்படி இருந்தாள் என்று எடைபோடப்பட்டாள். படுக்கையறையும் அம்பலமாயிற்று. சுவரின் பெயர்ந்த சுண்ணாம்பு, கொடியில் தொங்கும் துணி எல்லாம் சட்டத்துக்குள் வந்துவிடுகின்றன. தலைக்குமேல் சட்டத்தை வெட்டி, கைகளும் கிடாரும் மட்டும் தெரிய வாசிக்கும் பெண்கள் இதனால்தான் அப்படிச் செய்கிறார்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் அது நல்ல தந்திரம். கிடார் கற்பவர்கள் பார்க்க வேண்டியதும் கைகளைத்தான்.

காட்டனிடம் அது மெய்யாகவே நடந்தது. இசைத்தட்டைக் கேட்டு அவருடைய வாசிப்பைப் பழக முயன்றவர்களுக்கு எந்த விரல் எங்கே போகிறது என்பது எளிதில் பிடிபடாது, காது அதைச் சொல்லாது. 1960-களின் நடுவில் பீட் சீகரின் ‘ரெயின்போ குவெஸ்ட்’ தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அவர் வந்து உட்கார்ந்தார். கறுப்பு வெள்ளைப் படம், ஆடம்பரமில்லாத அரங்கு. கிடார் தலைகீழாக இருக்கிறது. கட்டைவிரல் மேலிருந்து இறங்கி மெட்டை எடுக்கிறது; மாதம் 75 சென்ட்டுக்குத் தரை துடைத்த கையின் விரல்கள் மந்தர நரம்புகளில் ரயிலை ஓட்டுகின்றன. அந்தப் படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்துத்தான் இன்றும் பலர் தங்கள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, போனைப் புத்தகங்களின்மேல் சாய்த்துவைத்து, அந்தப் பாட்டை வாசித்துப் பதிவுசெய்கிறார்கள்.