பனி, நிலா, கயோட்டி: ஒரு நஷ்டக் கணக்கு

"பி.காம் படிக்கிறவனுக்கு வேட்டையில என்னடா வேலை?" என்று நண்பர்கள் கேட்கலாம். லாப நஷ்டக் கணக்கு இல்லாத இடம் எது, சொல்லுங்கள்? இது நூறு வருடமாக டேலி ஆகாத ஒரு கணக்கு. நடக்கும் இடம் அமெரிக்கா.

முதலில் கயோட்டி யார் என்று பார்ப்போம். ஓநாயை விடச் சிறியது. நம்ம ஊர் நரிக்கு ஒன்றுவிட்ட அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1804-ல் லூயிஸ், கிளார்க் பயணக்குழு மேற்கே போனபோது இதைப் பார்த்து 'புல்வெளி ஓநாய்' என்று எழுதி வைத்தார்கள். 1823-ல் தாமஸ் சே என்பவர் 'கேனிஸ் லாட்ரன்ஸ்' என்று அறிவியல் பெயர் வைத்தார். குரைக்கும் நாய் என்று அர்த்தம்.

சரி, இதை ஏன் பனிக்காலத்தில், அதுவும் ராத்திரியில் வேட்டையாட வேண்டும்? குளிரில்தான் ரோமம் அடர்ந்து தோலுக்கு நல்ல விலை கிடைக்கும். பனியில் காலடித் தடம் அப்படியே பதியும். நிலா வெளிச்சம் பனியில் பட்டால், வெள்ளைத் தரையில் நகரும் நிழல்கூடத் தெரியும். இரை கிடைக்காத பருவம் என்பதால், பசி கயோட்டியைத் துணிய வைக்கும். வேட்டைக்காரர் அசையாமல் உட்கார்ந்து, சாகப்போகும் முயல் அலறுவது போல ஊதுவார். அது நேராக வராது. சுற்றிவந்து காற்றில் மோப்பம் பிடித்துப் பார்க்கும். மனித வாடை பட்டால் அவ்வளவுதான், ஓட்டம்! இப்போது ஊதுகுழலுக்குப் பதில் மின்னணு ஒலிபெருக்கியும், உடல் வெப்பத்தைக் காட்டும் தெர்மல் ஸ்கோப்பும் வந்துவிட்டன.

இதில் ஒரு விஷயம் கவனியுங்கள். மனிதத் தொல்லை இல்லாத இடத்தில் கயோட்டி பகலிலும் சகஜமாகத் திரியும். நமக்குப் பயந்துதான் ராத்திரிக்கு மாறியது. நாம் அங்கேயும் போய்விட்டோம்.

இப்போது என் ஏரியாவுக்கு வருகிறேன். 1970-களில் சிறுத்தை போன்ற புள்ளிப் பூனைகளின் தோல் வியாபாரத்துக்குச் சட்டங்கள் கடிவாளம் போட்டன. ஃபேஷன் நீண்ட ரோமத் தோல்கள் பக்கம் திரும்ப, கயோட்டித் தோல் விலை எகிறியது. 80-களின் கடைசியில் சந்தை சரிந்தது. பிறகு குளிர்கோட்டுத் தொப்பியின் ஓரத்தில் அந்த ரோமம் மறுபடி வந்தது. அதற்குப் பேர்போன கனடா கூஸ் நிறுவனம், ரோமம் வாங்குவதை 2021 முடிவோடு நிறுத்துவதாக அறிவித்தது.

வேட்டைக்காரராவது தன் காசைச் செலவழித்தார். அரசாங்கம்? ஆட்டுப்பண்ணைக்காரர்களுக்காக 1915-ல் அமெரிக்க நாடாளுமன்றம் 1,25,000 டாலர் ஒதுக்கியது. 1931-ல் தனிச் சட்டமே வந்தது. ஸ்ட்ரிக்னைன், 1080 என்று விஷம் விஷமாக வைத்தார்கள். கழுகும் மற்ற விலங்குகளும் சேர்ந்து செத்தன. 1972-ல் ஜனாதிபதி நிக்சன் அரசு நிலங்களில் அந்த விஷங்களைத் தடை செய்தார். பின்னாளில் தடை தளர்ந்தது.

இவ்வளவுக்கும் பலன்? மேற்கத்தியச் சமவெளியில் இருந்த பிராணி இப்போது ஹவாய் தவிர எல்லா மாநிலத்திலும் இருக்கிறது. சிகாகோ நகருக்குள்ளேயே குட்டி போடுகிறது!

காரணம் இரண்டு. அதை அடக்கி வைத்திருந்த ஓநாயை நாமே ஒழித்தோம். இன்னொன்று, எண்ணிக்கை குறைந்தால் மிஞ்சியவற்றுக்கு இரை தாராளமாகக் கிடைக்கிறது. அதிகப் பெட்டைகள் ஈனுகின்றன, அதிகக் குட்டிகள் பிழைக்கின்றன. வருடா வருடம் 75 சதவீதத்தைக் கொன்றாலும் முற்றாக ஒழிக்க 50 வருடம் ஆகும் என்று 1975-ல் ஒரு கலிபோர்னியா ஆய்வு கணக்குப் போட்டது. சரக்கை எடுக்க எடுக்க ஸ்டாக் ஏறும் விநோதக் கிடங்கு!

பண்ணைக்காரரின் நஷ்டமும் பொய்யில்லை. ஆட்டுக்குட்டியை இழப்பவருக்குத்தான் அந்த வலி தெரியும். ஆனால் பட்டியில் புகுந்த ஒன்றைப் பிடிப்பது வேறு, காவல் நாய் வளர்ப்பது வேறு. எங்கோ பனிக்காட்டில் யாருக்கும் கெடுதல் செய்யாத ஒன்றைச் சுட்டு, 'ஆடு பிழைத்தது' என்று வரவு வைப்பது வேறு. எங்கள் அக்கவுண்டன்சி சார் பார்த்தால் சிவப்பு மையில் சுழித்துவிடுவார்.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?