விரித்த அலைவரிசை: டிரான்ஸ்-ஓஷியானிக் வானொலி

சிகாகோவின் ஜெனித் நிறுவனம் 1942ஆம் ஆண்டு வெளியிட்ட டிரான்ஸ்-ஓஷியானிக் என்ற, எடுத்துச் செல்லக்கூடிய வானொலிப் பெட்டி, மத்திய அலையுடன் 49, 31, 25, 19, 16 மீட்டர் சிற்றலை வரிசைகளையும் பிடித்தது. ஜெனித்தின் தலைவரும் படகோட்டத்தில் பேரார்வம் கொண்டவருமான யூஜின் மெக்டொனால்ட், கரையிலிருந்து தொலைவில் வழக்கமான பெட்டிகள் ஊமையாகிவிடுவதைக் கண்டே இதை உருவாக்கத் தூண்டினார். அக்காலப் பல பெட்டிகளில் சிற்றலை முழுவதும் ஒரே அளவுகோலில் நெருக்கப்பட்டிருந்ததால், குமிழை மயிரிழை அளவு திருப்பினாலே ஒரு நிலையம் மறைந்து மற்றொன்று ஒலித்தது. இதிலோ ஒரு பொத்தானை அழுத்தியதும் ஒரு வரிசை மட்டும் அளவுகோல் நெடுக விரிந்தது. இந்த விரிப்பே அதன் உண்மையான சாதனை எனலாம்.

அதை இயக்குவதற்குப் பொழுதறிவும் வேண்டியிருந்தது. சிற்றலையைத் தரைக்குத் திருப்பியனுப்பும் வானின் மின்னேற்ற அடுக்கான அயனி மண்டலம் கதிரவனால் மாறுவதால், பகலில் 16, 19 மீட்டரும் இரவில் 31, 49 மீட்டரும் பெரும்பாலும் பயன்பட்டன. சிற்றலைக்கு நீட்டக்கூடிய கம்பியும், மத்திய அலைக்குக் கழற்றி ரயில் சன்னலில் ஒட்டவல்ல சுருள் அலைவாங்கியும் இருந்தன. இரண்டாம் உலகப் போர்த் தேவைகளால் 1942ஆம் ஆண்டிலேயே உற்பத்தி நின்று, போருக்குப் பின்னரே தொடர்ந்தது. 1957இல் வந்த ராயல் 1000 என்ற மாதிரி வால்வுகளைக் கைவிட்டு டிரான்சிஸ்டருக்கு மாறியது. அதில் சுழலும் உருளை, தேர்ந்தெடுத்த வரிசையின் அளவுகோலை மட்டுமே காட்டியது.